கடற்பூஞ்சையும் பழையன களையும் தொழிலும்

கடற்பூஞ்சை என்ற சொல் கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், எந்தப் பூஞ்சையை அப்பெயரால் அழைக்கலாம் என்பதில் உயிரியலாளருக்கும் வேதியியலாளருக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு பிணக்கு உண்டு. கோல்மெயர் இணையர் 1979இல் வெளியிட்ட கடற்பூஞ்சையியல் நூல், கடலிலோ கழிமுகத்திலோ மட்டுமே வளர்ந்து அங்கேயே வித்துகளையும் உண்டாக்கும் இனங்களைக் கட்டாயக் கடற்பூஞ்சைகள் என்றும், நிலத்தையோ நன்னீரையோ தாயகமாகக் கொண்டு கடலிலும் வளர வல்லவற்றை விருப்புநிலைக் கடற்பூஞ்சைகள் என்றும் வகுத்தது. 2015இல் வெளியான ஒரு விரிவான வகைப்பாட்டில் இடம்பெற்ற கடற்பூஞ்சை இனங்கள் 1,112 மட்டுமே. புதிய இயற்கைச் சேர்மங்களைத் தேடுவோர் இந்த வேலிக்குள் நிற்பதில்லை. கடற்பாசியிலிருந்தோ கடற்பஞ்சிலிருந்தோ அலையாத்திச் சேற்றிலிருந்தோ எடுத்து வளர்த்த எந்தப் பூஞ்சையும் அவர்கள் கணக்கில் கடற்பூஞ்சையே. ஆகவே, ஊறுகாய்ச் சாடியிலும் மழைக்காலச் சுவரிலும் படரும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய பேரினங்களே அவர்களுடைய ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இதைக் குறையாகச் சொல்லும் உயிரியலாளரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றாலும், இத்துறையின் மிகப் பெரிய வெற்றி அவ்வேலிக்கு வெளியிலிருந்துதான் வந்தது.

சார்டினியத் தீவின் காலியாரி நகரில் சுகாதாரவியல் பேராசிரியராக இருந்த ஜுசெப்பே புரோட்சு, சாக்கடை கலக்கும் கடற்பகுதியில் குளிப்பவர்களிடையே டைபாய்டு காய்ச்சல் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை என்பதைக் கவனித்து, நோய்க்கிருமியை அடக்கும் வேறோர் உயிர் அந்நீரில் இருக்கவேண்டும் என்று கருதி, 1945இல் அங்கிருந்து செபலோஸ்போரியம் என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். தம் முடிவுகளை 1948இல் உள்ளூர் வெளியீடு ஒன்றில் அச்சிட்ட அவர், பூஞ்சையின் வளர்ப்பை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிவைத்தார். அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் முதலில் கண்ட பொருள்களுள் ஒன்று ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. செபலோஸ்போரின் என் எனப் பெயரிடப்பட்ட மற்றொன்று, ஆராய்ந்து பார்த்தபோது, பெனிசிலின் குடும்பத்தில் ஒன்றாகவே முடிந்தது. அந்தப் பெனிசிலினைத் தூய்மைப்படுத்தும் வேலையில் சிறு அளவில் உடன்வந்த மாசுதான் செபலோஸ்போரின் சி. அதன் வீரியம் குறைவு. ஆனால் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியாகிய பெனிசிலினேஸ் அதைச் சிதைக்கவில்லை. இந்த ஒரே வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு ஆய்வு தொடர்ந்தது. டோரதி ஹாட்ஜ்கின் 1961இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் அதன் அமைப்பை உறுதிசெய்தார். அதன் மையக் கட்டமைப்பில் புதிய பக்கத்தொகுதிகளைச் சேர்த்து உருவாக்கிய செபலோதின் 1964இல் மருத்துவமனைகளுக்கு வந்தது. இன்று மருந்துக்கடைகளில் செபலெக்சின், செபிக்சிம் என்ற பெயர்களில் விற்கும் மாத்திரைகள் எல்லாம் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள். முதலிரண்டையும் பழைய இனத்தவை என்று அடையாளம் கண்டு ஒதுக்கத் தெரிந்ததும், மூன்றாவதை வெறும் மாசு என்று ஒதுக்காமல் விட்டதும் சேர்ந்தே இக்கண்டுபிடிப்பு அமைந்தது என்பதால், இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர்க்கு இவ்வரலாற்றையே முதல் பாடமாகச் சொல்லவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மன்னார் வளைகுடாவின் கரையில் இவ்வேலையைச் செய்வோருக்கு முதல் ஆசிரியர்கள் பாசி எடுக்கும் பெண்கள். சர்காசம் என்று நூல்கள் குறிக்கும் பழுப்புப் பாசி அவர்களுக்குக் கட்டக்கோரை; டர்பினேரியா பக்கடாப்பாசி; கிரேசிலேரியா கஞ்சிப்பாசி; ஜெலிடியெல்லா மரிக்கொழுந்து. எந்தப் பாறையில் எந்த மாதம் எது தழைக்கும், எது அலையில் அறுந்து மிதந்து வந்தது, எது வேரூன்றி நின்றது என்பதை அவர்கள் கண்ட அளவில் சொல்லிவிடுவார்கள். அறுந்து கரையொதுங்கிய பாசியில் நிலத்துப் பூஞ்சைகள் விரைவில் ஏறிக்கொள்ளும் என்பதால், பூஞ்சை தேடுவோர்க்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே சேகரிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, உயிர்வளத்தை அயல்நாட்டாருக்கு அளிப்பதற்குச் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. புரோட்சு செய்ததுபோல் ஒரு வளர்ப்புக்குழாயை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. படிவங்களில் செலவாகும் மாதங்களைப் பற்றி முணுமுணுக்காத ஆய்வாளர் இல்லையென்றாலும், தன் கரையிலிருந்து போனது என்னவாயிற்று என்று ஒரு நாடு கேட்கும் உரிமையைத் தவறென்று சொல்லிவிட முடியாது.

சேகரித்த பாசியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்க்கவேண்டும். பாசியின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள வித்துகளை நீக்கி, அதன் திசுவுக்குள் நோயேதும் விளைவிக்காமல் குடியிருக்கும் அகவாழ் பூஞ்சைகளை மட்டும் பெறுவதற்காக, துண்டுகளை எழுபது விழுக்காட்டு எத்தனாலிலும் பின்னர் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் சில நொடிகள் முக்கியெடுத்து, நுண்ணுயிர் நீக்கிய கடல்நீரில் அலசி, கடல்நீர் கலந்த அகார்க் கூழ் உறைந்த பெட்ரி தட்டுகளில் வைப்பார்கள். பாக்டீரியா மேலோங்காதிருக்க அக்கூழில் குளோராம்பெனிக்கால் போன்ற ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்க்கப்படும். மேற்பரப்பு உண்மையிலேயே தூய்மையானதா என்று அறிவதற்கு, அலசிய துண்டை வேறொரு தட்டின் மேல் ஒருகணம் அழுத்தி எடுத்துவிட்டு, அந்த அச்சிலிருந்து ஏதேனும் முளைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். முளைத்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கைவிடுவதே முறை. கைவிட மனமில்லாதவர் எழுதும் கட்டுரையில் கடற்பாசியின் அகவாழ் பூஞ்சை என்ற பெயரில் ஆய்வகக் காற்றின் பூஞ்சை இடம்பிடிக்கும்.

தட்டில் முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் விரைந்து வளரும் இனங்களே. மெல்ல வளரும் பூஞ்சைக்காக ஆறேழு வாரங்கள் காத்திருக்கும் பொறுமை வேண்டும். அதற்குள் தட்டு உலர்ந்துபோகலாம், அல்லது மைட் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் சிற்றுண்ணிகள் உள்ளே நுழையலாம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அவை பூஞ்சையைத் தின்றபடி, காலில் ஒட்டிய வித்துகளை ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்குச் சுமந்து சென்று, ஓராண்டுச் சேகரிப்பை ஒரு வாரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட வல்லவை. இக்கட்டுரையாளர் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், இவற்றின் வருகைக்குப்பின் எண்ணிட்ட தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை எரிக்க நேர்ந்தது; அன்றுமுதல் தட்டுகளின் விளிம்பைப் பாராபிலிம் நாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றுவது அங்கே விதியாயிற்று. தூய வளர்ப்பு கிடைத்த பின், அதன் மரபுப்பொருளில் ஐ.டி.எஸ். எனப்படும் பகுதியின் வரிசையைப் படித்து இனம் காண்பார்கள். பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக 2012இல் முன்மொழியப்பட்ட இப்பகுதி, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற நெருங்கிய உறவினங்கள் மிகுந்த பேரினங்களில் பேரினத்துக்கு மேல் உறுதியாக எதையும் சொல்லாது.

பூஞ்சையைச் சேர்மம் உண்டாக்கச் செய்வது வேறொரு கலை. உயிர்வாழ்வதற்கு நேரடியாகத் தேவைப்படாமல், போட்டியிலும் தற்காப்பிலும் பயன்படுவதாகக் கருதப்படும் பொருள்களை இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் என்பர். அவற்றைக் கட்டும் நொதிகளுக்கான மரபணுக்கள் பூஞ்சையின் மரபுத்தொகையில் அடுத்தடுத்துக் கொத்தாக அமைந்திருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற ஒரே இனத்தில் இத்தகைய கொத்துகள் ஐம்பதுக்கும் மேல் இருப்பதாக மரபுத்தொகை ஆய்வுகள் காட்டின. வழக்கமான ஆய்வக வளர்ப்பில் அவற்றில் சிலவே விழித்திருக்கின்றன. எஞ்சியவற்றை எழுப்புவதற்கு ஒரே பூஞ்சையைப் பலவகை ஊடகங்களிலும் வெப்பநிலைகளிலும் வளர்த்துப் பார்க்கும் முறையை ஆக்செல் சீக்கின் குழுவினர் 2002இல் ஒரு நெறியாகவே வகுத்துரைத்தனர். கடற்பூஞ்சைக்காரர்களின் விருப்பமான ஊடகம் சோறு. கூம்புக்குடுவையில் நூறு கிராம் அரிசியும் அதே அளவு கடல்நீரும் இட்டு, அழுத்தக்கலனில் 121 பாகை செல்சியசில் வேகவைத்து ஆறவிட்டு, பூஞ்சைத் துண்டை இட்டு மூன்று நான்கு வாரங்கள் அசைக்காமல் விட்டால், சோறு முழுவதும் பூஞ்சையிழை படர்ந்து, மஞ்சளும் செம்பழுப்பும் கரும்பச்சையுமாக நிறமேறும். ஊடகத்தில் புரோமைடு உப்பைக் கூட்டினால், குளோரின் இருந்த இடத்தில் புரோமின் ஏறிய சேர்மங்களைச் சில பூஞ்சைகள் தருவதும் உண்டு.

விழிக்காத மரபணுக்களை எழுப்ப இன்னொரு வழி துணை வளர்ப்பு, அதாவது பூஞ்சையை ஒரு பாக்டீரியத்தோடு ஒரே குடுவையில் போட்டியிட விடுவது. வில்லியம் பெனிக்கலின் குழுவினர், பகாமாத் தீவுகளின் பழுப்புப் பாசியொன்றிலிருந்து எடுத்த பெஸ்டலோஷியா பூஞ்சையை ஒரு கடல் பாக்டீரியத்தோடு வளர்த்தபோது, தனியே வளர்கையில் காணப்படாத பெஸ்டலோன் என்ற குளோரின் கொண்ட சேர்மம் வெளிப்பட்டது. 2001இல் வெளியான அந்த ஆய்வு, மருந்துக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் கிருமியை மிகமிகச் சிறு செறிவிலேயே அது தடுத்ததாக அறிவித்தது. பின்னாளில் வேறொரு குழுவினர் அச்சேர்மத்தைச் செயற்கையாக உருவாக்கிச் சோதித்தபோது அத்தனை வீரியம் தென்படவில்லை. துணை வளர்ப்பு என்ற உத்தியின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் இயற்கையிலிருந்து கிடைத்த சில மில்லிகிராம் பொருளை வைத்துச் சொல்லப்படும் வீரியத்தை, மறுமுறை தயாரித்துச் சோதிக்கும்வரை கடனாக மட்டுமே ஏற்கவேண்டும்.

வளர்ப்பு முற்றியதும் குடுவையில் எத்தில் அசிட்டேட்டை ஊற்றி ஓரிரவு ஊறவைத்து, வடித்து, சுழல்கலனில் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கினால் அடியில் பசைபோல் தங்குவதே கச்சாச் சாறு. நகப்பூச்சு நீக்கியின் வாடை வீசும் அறையில் இங்கிருந்துதான் தொழிலின் பெரும்பகுதி தொடங்குகிறது; அந்தப் பெரும்பகுதி, கண்டுபிடிப்பதைக் காட்டிலும் கழித்துக்கட்டுவதாகவே இருக்கிறது. ஹெக்சேனுக்கும் நீர்கலந்த மெத்தனாலுக்கும் இடையே சாற்றைக் குலுக்கிப் பிரித்தால் கொழுப்புகள் ஹெக்சேனோடு போய்விடும். அதற்குப் பின்னும், பூஞ்சைச் செல்லின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் எல்லாப் பூஞ்சையிலும் வரும். லினோலியிக் அமிலம் அரிசியிலிருந்தே வரும். இதற்காகப் பூஞ்சையிடாத வெறுஞ்சோற்றையும் அதேபோல் சாறெடுத்து ஒப்பிடுவது கட்டாயம். இவற்றைவிட வஞ்சகமானவை நெகிழியை இளக்கச் சேர்க்கப்படும் தாலேட்டுகள். குழாய், மூடி, கரைப்பான் கேன் எதிலிருந்தும் கசியும் இவை, மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலையில் 391 என்ற உச்சத்தோடும் 149 என்ற துண்டத்தோடும் தோன்றும். இவ்விரண்டு எண்களைக் கண்டதும் ஆய்வாளரின் கை தானாகவே அக்கூறை ஒதுக்கிவைக்கும் அளவுக்கு அவை பழக்கப்பட்டவை. அப்படியிருந்தும், தாலேட்டைப் பூஞ்சையின் நற்கொடையாக அறிவிக்கும் கட்டுரைகள் இன்றும் அச்சேறுகின்றன.

பழைய சேர்மத்தைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு விலக்குவதைத் துறையினர் டீரெப்ளிகேஷன் என்பர். பழையன களைதல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். சாற்றின் கூறுகளை உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகைக் கருவியில் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வோர் உச்சமும் வெளிவரும் நேரம், அது உறிஞ்சும் புறஊதா ஒளி, அதன் நிறை ஆகியவற்றைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே அறியப்பட்டதாயின் அங்கேயே நிறுத்திக்கொள்வதே இதன் சாரம். 2016இல் அறிமுகக் கட்டுரை வெளியான ஜி.என்.பி.எஸ். என்ற பொதுத்தளம், மூலக்கூறுகள் உடைந்து சிதறும் விதத்தை ஒப்பிட்டு, உறவுள்ளவற்றை ஒரே வலைக்கண்ணில் சேர்த்துக் காட்டுவதால், பல மாத வேலை பல மணி நேரமாகச் சுருங்கியது. அதற்கு முந்தைய தலைமுறையினர் பட்ட பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: இக்கட்டுரையாளரின் தொடக்க காலத்தில், கட்டக்கோரையிலிருந்து பிரித்த ஒரு பெனிசிலியத்தின் சாற்றில் எலுமிச்சை நிறத்தில் ஊசிப்படிகங்கள் தாமாகவே விளைந்தன. கடலிலிருந்து வந்த பூஞ்சை, அழகிய படிகம், பாக்டீரியாவைக் கொல்லும் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்த மயக்கத்தில், மூன்று மாதங்கள் அதன் அமைப்பைத் தேடுவதில் கழிந்தன. அது சிட்ரினின், ஹெதரிங்டனும் ரெய்ஸ்ட்ரிக்கும் 1931இலேயே அறிவித்த, சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிக்கும் பூஞ்சை நஞ்சு. அணுக்கரு காந்த ஒத்திசைவு நிறமாலையில் 15 பிபிஎம்முக்கு அருகே, வேறெதுவும் அரிதாகவே எட்டும் தொலைவில், தனித்து நிற்கும் ஹைட்ரஜன் குறிப்பு அதைக் காட்டிக்கொடுத்திருக்கவேண்டும். குறிப்பு முதல் நாளே இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்த கண் இல்லை. மஞ்சள் பெனிசிலியத்தைக் கண்டதும் சிட்ரினினை முதலில் ஐயுறுவது அதன்பின் பழக்கமாயிற்று. இத்தகைய ஐயங்களின் சேமிப்பையே இத்துறையில் அனுபவம் என்கிறார்கள்.

கிருமியையோ புற்றுச்செல்லையோ கொல்லும் கூறை மட்டும் பின்தொடர்ந்து பிரிக்கும் முறைக்கும் இதே கதிதான்: மிக எளிதில் கொல்பவை பெரும்பாலும் ஏற்கெனவே அறியப்பட்ட நஞ்சுகள். ஆகவே இன்று பலர், வீரியத்தைப் பார்க்கும் முன் அமைப்பின் புதுமையைப் பார்க்கிறார்கள்.

களைந்தபின் எஞ்சும் சேர்மம் பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிகிராம். கண்ணாடிக் குப்பியின் அடியில் வெண்படலமாகத் தெரிவதோடு சரி. இதைக் கொண்டு ஒவ்வோர் அணுவும் எதனோடு பிணைந்திருக்கிறது என்று நிறுவவேண்டும். அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் அதிரச்செய்து அவற்றின் சுற்றுப்புறத்தை அறியும் அணுக்கரு காந்த ஒத்திசைவு, அதாவது என்.எம்.ஆர்., இதற்கு முதற்கருவி; இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு ஒன்றளவே இம்முறைக்குப் புலப்படும் என்பதால், இரவு முழுதும் கருவியில் வைத்திருந்தும் சில கார்பன்கள் தோன்றாமலே போவதுண்டு. பிணைப்புகள் தெரிந்த பின்னும் இடக்கை வலக்கைச் சிக்கல் எஞ்சும்: ஒரே பிணைப்புகளைக் கொண்ட மூலக்கூறு, கண்ணாடியில் தெரியும் எதிருருவாகவும் இருக்கலாம். படிகம் கிடைத்தால் எக்ஸ்-கதிர் தீர்த்துவைக்கும். கிடைக்காதபோது, ஒளிச்சுழற்சியையும் கணிப்பொறிக் கணக்கையும் ஒப்பிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது.

புதியது என்ற சொல்லின் நிலையாமையை ஹாலிமைடு நன்கு காட்டுகிறது. ஹாலிமேடா என்னும் பச்சைப் பாசியில் வாழ்ந்த ஆஸ்பர்ஜில்லசிலிருந்து பெனிக்கலின் ஆய்வகம் பிரித்து, பாசியின் பெயரையே சூட்டிய அச்சேர்மம், ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் ஆஸ்பர்ஜில்லஸ் உஸ்டசிலிருந்து பெற்று அறிவித்திருந்த பீனைலாஹிஸ்டின்தான். செல்பிரிவுக்குச் சாரமாக அமையும் டியூபுலின் இழைகளைக் குலைக்கும் அதன் செயலை மேம்படுத்தி, வேதியியலாளர் உருவாக்கிய பிளினாபுலின், நுரையீரல் புற்றுநோயில் மூன்றாம் கட்ட மனிதச் சோதனைவரை சென்றது. வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைவதைத் தடுப்பதற்கான அதன் விண்ணப்பத்துக்கு, 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தராமல் மேலும் ஒரு சோதனையைக் கேட்டது. கடற்பூஞ்சை வழிவந்து அண்மைக் காலத்தில் இவ்வளவு தூரம் நடந்த சேர்மம், கண்டிப்பான பொருளில், கடலுக்கே உரிய புதுமையும் அன்று.

இவ்வளவுக்குப் பின்னும் பூஞ்சை ஒத்துழைக்கவேண்டும். மீண்டும் மீண்டும் தட்டு மாற்றி வளர்த்த பூஞ்சை, உருவம் மாறாமலே, சேர்மம் உண்டாக்குவதை நிறுத்திவிடுவது இத்தொழிலில் எல்லோரும் அறிந்த துயரம். அதனால்தான் முதல் வாரத்திலேயே வித்துகளைக் கிளிசராலில் கலந்து, சுழிக்குக் கீழே 80 பாகையில் உறையவைத்துவிட வேண்டும் என்று வற்புறுத்தப்படுகிறது. இக்கட்டுரையாளரின் ஆய்வகத்தில் பக்கடாப்பாசியின் பூஞ்சையொன்று, எந்தத் தரவுத்தளத்தோடும் பொருந்தாத ஒரு சேர்மத்தை இரண்டு மில்லிகிராம் தந்தது. அமைப்பை முடிக்க மேலும் வேண்டியிருந்ததால் இருபது குடுவைகளில் மறுபடி வளர்த்தபோது அது அடியோடு காணாமற்போயிற்று. உறைவித்த குப்பியிலிருந்து எழுப்பியும் பயனில்லை. கடல்நீரை மாற்றிப் பார்த்தார்கள், வெப்பநிலையை மாற்றினார்கள், விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். ஏழு மாதங்கள் கழித்து, பழைய செலவுச்சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் ஆய்வு மாணவி, முதல் முறை வாங்கியது பச்சரிசி, பிந்தைய வாங்கல்கள் எல்லாம் புழுங்கலரிசி என்று கண்டுபிடித்தார். நெல்லை அவித்து உலர்த்தும்போது மாப்பொருளின் தன்மையும் உயிர்ச்சத்துகளின் இருப்பும் மாறுகின்றன என்பது தெரிந்ததே. அதில் எது அப்பூஞ்சையை வாய் திறக்கச் செய்தது என்பது இன்றும் ஊகம்தான். பச்சரிசியில் வளர்த்த குடுவைகளில் அவ்வுச்சம் பழைய நேரத்திலேயே திரும்ப வந்தது. ஒரு கார்பனின் கைத்திசை மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது. ஊடகம் தயாரிக்கும் மேசைக்கு மேலே, பச்சரிசி மட்டும் என்று அந்த மாணவி எழுதி ஒட்டிய தாள், ஓரம் சுருண்டு, அப்படியே இருக்கிறது.